இணையப் பக்கமும் தலைப்பு நிலையும்

பினாங்கு மாநிலத்தின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் நடந்து திரிவோர் அதன் தெருப் பெயர்களில் ஓர் ஒழுங்கைக் கவனித்திருப்பர். சில தெருக்கள் லெபு என்றும், சில ஜாலான் என்றும், சில லோரோங் என்றும் வழங்குகின்றன. ஆங்கிலேயர் ஸ்திரீட், ரோடு, லேன் என்று இட்டுச்சென்ற பெயர்களுக்கு ஈடாக மலாய் மொழியில் அமைந்த சொற்கள் அவை. லெபு சூலியா பெருந்தெரு. அதிலிருந்து பிரியும் லோரோங் சிந்தா சந்து. அதே லெபு சூலியா, லெபு பந்தாயைக் கடந்து கடலை நோக்கி நீளும்போது காட் லெபு சூலியா எனப் பெயர் கொள்கிறது. காட் என்பது படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல். பினாங்குத் தெருப் பெயர்களில் அது நிலைத்துவிட்டமை சுவையான செய்தி. இப்பெயர்களின் முதற்சொல்லைக் கேட்ட அளவிலேயே, தேடிச் செல்லும் இடம் பெருந்தெருவில் உள்ளதா, சந்தில் உள்ளதா, கடலோரத்தில் உள்ளதா என்று ஒருவர் உய்த்துணரலாம். பெயர்ப்பலகை பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டியதில்லை. பார்வையே இல்லாதவர்க்கும் இவ்வறிவு கிட்டும்.

இணையப் பக்கத்தில் தலைப்புகளை எவ்வாறு அமைப்பது என்னும் வினாவும் ஏறத்தாழ இத்தகையதே. தலைப்பைப் பெரிய எழுத்தில், தடிப்பாக, நடுவில் எழுதிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணால் படிப்பவர்க்கு அது போதும். காதால் படிப்பவர்க்குப் போதாது. பலகையின் அளவு அவர்க்குத் தெரியாது. இது லெபு, இது லோரோங் என்று அவர்க்குச் சொல்லியாக வேண்டும். அவ்வாறு சொல்லுவதற்குரிய வழி இணைய மொழியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்து வருகிறது. ஆயினும் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும் நடத்தும் பக்கங்கள் பலவற்றில் அவ்வழி தவறாகக் கையாளப்படுகிறது. சிலவற்றில் கையாளப்படுவதே இல்லை.

காதால் படிப்போர்

பார்வையற்றோர் கல்விக்கும் இந்நகருக்கும் பழந்தொடர்பு உண்டு. 1926-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையினர் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர்ப் பினாங்குக்கு இடம்பெயர்ந்து, பாகான் ஜெர்மால் சாலையில் நிலைபெற்றது. அக்காலத்தில் பார்வையற்றோர் படிப்பு என்றால் பிரெய்ல் புள்ளி எழுத்துப் படிப்பே. பிரெய்ல் எழுத்தில் பெரிது, சிறிது என்னும் வேறுபாடு இல்லை. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவின. அவ்வாறாயின் தலைப்பை எவ்வாறு காட்டுவது? இடத்தால் காட்டினர். பெருந்தலைப்பு வரியின் நடுவில் நிற்கும். உட்டலைப்பு ஓரத்திலிருந்து சில கட்டங்கள் தள்ளித் தொடங்கும். விரல் அவ்வெற்றிடத்தைத் தொட்டவுடன் ‘இது தலைப்பு, இன்ன தரத்துத் தலைப்பு’ என்று அறிந்துகொள்ளும். தலைப்பின் தரத்தை எழுத்தின் அளவிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்னும் உண்மை பிரெய்ல் அச்சிட்டோர்க்கு அன்றே தெரிந்திருந்தது.

இன்று பார்வையற்றோர் பலர் கணினியையும் கைப்பேசியையும் காதால் பயன்படுத்துகின்றனர். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். விபத்தில் பார்வையிழந்த அமெரிக்கப் பொறியாளர் டெட் ஹென்டர் என்பவரின் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ஜாஸ் என்பது இவற்றுள் புகழ்பெற்றது, விலை மிகுதியானது. பின்னர் 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்னும் மற்றொரு பார்வையற்றவரும் அவருடன் சேர்ந்தார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் குரற்பொறி தமிழையும் வாசிக்கும். அக்குரல் இனிமையானது என்று சொல்வதற்கில்லை. எந்திரத்தின் முரட்டுத் தன்மை அதில் உண்டு. ஆனால் பழகிய காதுக்கு விளங்கும்.

கண்ணால் படிப்பவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் என்ன செய்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பதில்லை. கண் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. தலைப்புகளை மட்டும் தொட்டுச் செல்கிறது. வேண்டிய இடத்தில் நிற்கிறது. ஓரிரு விநாடியில் முடிந்துவிடும் இச்செயலை நாம் செயல் என்றே கருதுவதில்லை. குரலுக்கோ இவ்வாறு ஓடும் ஆற்றல் இல்லை. ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாகத்தான் அது வரும். ஒரு பள்ளியின் பக்கத்தில் தேர்வு நாளைத் தேடும் பார்வையற்ற மாணவன், வரவேற்புரை, தலைமையாசிரியர் வாழ்த்து, பெற்றோர் சங்கச் செய்தி, விளையாட்டு விழாச் செய்தி ஆகிய அனைத்தையும் கேட்டு முடித்த பின்னர்தான் தேர்வு நாளை அடைய முடியுமென்றால், அவன் அப்பக்கத்தை இடையிலேயே விட்டுவிடுவான். அவனுக்கு வேண்டிய செய்தி அங்கே இருந்தும் இல்லாததாகிவிடும்.

இக்குறையைப் போக்கவே திரைவாசிப்பான்களில் ஒரு வசதி வைத்துள்ளனர். விசைப்பலகையில் ‘எச்’ என்னும் விசையை அழுத்தினால் குரல் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 முதல் 6 வரையுள்ள எண் விசைகளுள் ஒன்றை அழுத்தினால் அத்தரத்துத் தலைப்புக்கு மட்டும் தாவும். தலைப்பை வாசிக்கும்போதே அது எத்தனையாம் நிலைத் தலைப்பு என்பதையும் குரல் கூறும். கண் ஓரிரு விநாடியில் செய்வதை விரல் ஐந்தாறு தட்டில் செய்துவிடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெப்எய்ம் என்னும் அமைப்பு 2023-ஆம் ஆண்டு இறுதியிலும் 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் வினவியது. நீண்ட பக்கம் ஒன்றில் செய்தியைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, நூற்றுக்கு 71 பேருக்கு மேல் தலைப்பு வழியே செல்வோம் என்று விடையிறுத்தனர்.

ஆனால் இவ்வசதி முழுவதும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பக்கத்தை எழுதியவர் தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருக்க வேண்டும். வெறுமனே பெரிதாக்கியும் தடிப்பாக்கியும் வைத்த வரி, திரைவாசிப்பானுக்கு மற்றொரு வரி; அவ்வளவே. விரல் ‘எச்’ விசையை எத்தனை முறை தட்டினாலும் அது அங்கே நிற்காது.

நமது ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். ஓலையில் எழுதியவர்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு காட்டவில்லை. பாட்டும் உரையும் வரி பிரியாமல் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடும். சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிற் கொணர்ந்த உ. வே. சாமிநாதையர், மூலம் எது, நச்சினார்க்கினியர் உரை எது என்று பிரித்தறியவே பெரிதும் பாடுபட்டார். தலைப்புக் குறி இல்லாத இணையப் பக்கம், கண்ணுக்கு எத்தனை அழகாக இருந்தாலும், காதுக்கு ஓலைக்கட்டே.

ஆறு நிலைகள்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரையொட்டி உள்ள செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் வையவிரிவு வலையை உருவாக்கினார். 1991-இல் அவர் வெளியிட்ட குறிச்சொற்களின் பட்டியல் மிகச் சிறியது. அதிலேயே தலைப்புக்கென எச்1 முதல் எச்6 வரை ஆறு குறிச்சொற்கள் இடம்பெற்றுவிட்டன. படம் காட்டும் குறிச்சொல்லே அப்பட்டியலில் இல்லாதபோது தலைப்புக்கு ஆறு நிலைகள் இருந்தன என்பது கருதத்தக்கது. அவர் எழுதிய பக்கங்கள் ஆய்வறிக்கைகளுக்காக எழுந்தவை. அறிக்கைக்கு முதல் தேவை பகுதியும் உட்பகுதியும் அல்லவா?

எச்1 என்பது முதல்நிலைத் தலைப்பு. அதன் உட்பகுதிக்கு எச்2. அதனுள் அடங்குவதற்கு எச்3. எண் பெருகப் பெருகத் தலைப்பின் தரம் குறையும். பயன்படுத்துவோர் இடறி விழும் இடம் இங்கேதான் தொடங்குகிறது. உலாவி மென்பொருள் எச்1-ஐப் பெரிய எழுத்திலும் எச்4-ஐச் சிறிய எழுத்திலும் காட்டுவது வழக்கம். ஆதலின், ‘எனக்கு இங்கே சிறிய எழுத்து வேண்டும், எச்4-ஐ இடுவேன்’ என்று பலர் எண்ணத் தலைப்பட்டனர். பலகையின் அளவைப் பார்த்துத் தெருவுக்கு லோரோங் என்று பெயர் சூட்டுவது போன்றது இது. எழுத்தின் அளவையும் நிறத்தையும் தனியே குறிப்பதற்கு சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறை 1996-இலேயே வந்துவிட்டது. எச்2-ஐச் சிறிதாகவும் காட்டலாம், எச்4-ஐப் பெரிதாகவும் காட்டலாம். அளவுக்காகத் தரத்தை மாற்ற வேண்டிய தேவை அன்றே நீங்கிவிட்டது. பழக்கம்தான் நீங்கவில்லை.

இதற்கு எதிரான தவறும் உண்டு. எச்2-க்குப் பின் எச்3 வராமல் எச்4 வந்தால், கேட்பவர் இடையில் ஏதோ தமக்குத் தப்பிவிட்டது என்று ஐயுற்றுத் திரும்பிச் சென்று தேடுவார். ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். ஏறும்போது இக்கட்டுப்பாடு இல்லை. எச்4 பகுதி முடிந்து புதிய பகுதி தொடங்கும்போது நேரே எச்2-க்குச் செல்லலாம். ஓர் உட்பிரிவு முடிந்து அடுத்த அதிகாரம் தொடங்குவது போன்றதே அது.

தளத்தின் பெயரா, பக்கத்தின் பெயரா?

இணையத்தளம் அமைப்போர் மிகுதியும் வாதிடும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு தளத்தின் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் இருக்கும். அதன் கீழ் அந்தந்தப் பக்கத்திற்குரிய பெயர் இருக்கும். முதல்நிலைத் தலைப்பாகிய எச்1 இவ்விரண்டில் எதற்கு உரியது?

தளத்தின் பெயரே பெரிது, அதற்கே முதலிடம் என்பர் ஒரு சாரார். மேலோட்டமாகப் பார்த்தால் அது முறையாகவே தோன்றும். நிறுவனம் பெரிது, அதன் செய்தி சிறிது. ஆனால் எச்1 என்பது பெருமையைக் காட்டும் குறி அன்று. இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்பதைக் கூறும் குறி அது.

திருக்குறளைக் கொண்டு இதனை ஆராய்வோம். நூல் முழுவதையும் ஒரே பக்கத்தில் இட்டால் திருக்குறள் என்னும் நூற்பெயர் எச்1. அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் ஆகிய மூன்றும் எச்2. பாலுக்குள் இயல் பகுத்தால் அது எச்3. இயற்பகுப்பில் உரையாசிரியர்கள் வேறுபடுவர் என்பதால் அதனை விட்டுவிடுவோரும் உளர். இயல் இருந்தால் அதிகாரம் எச்4; இல்லையெனில் எச்3. இனி, 133 அதிகாரங்களையும் 133 பக்கங்களாகப் பிரித்து இடுவதாகக் கொள்வோம். அப்போது வான் சிறப்பு என்னும் பக்கத்தில் எச்1 எது? வான் சிறப்பு என்பதே. அப்பக்கம் அதனைப் பற்றியதுதான். திருக்குறள் என்னும் பெயர் மேலே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அச்சிட்ட நூலைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் சிறிய எழுத்தில் நூற்பெயர் இருக்கிறது. அதனை எவரும் அப்பக்கத்தின் தலைப்பாகக் கொள்வதில்லை. எந்த நூலுக்குள் இருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம். இணையத்தில் தளத்தின் பெயரும் அத்தகையதே.

மாறாக, 133 பக்கங்களிலும் திருக்குறள் என்பதையே எச்1 ஆக இட்டால் நிகழ்வது என்ன? பார்வையற்றவர் ஒரு பக்கத்தைத் திறந்து 1 என்னும் விசையைத் தட்டுகிறார். ‘திருக்குறள்’ என்கிறது குரல். வேறொரு பக்கத்தைத் திறக்கிறார். ‘திருக்குறள்’ என்கிறது. தாம் புதிய பக்கத்திற்கு வந்தாரா, பழைய பக்கத்திலேயே இருக்கிறாரா என்பதே அவர்க்கு விளங்காது. 133 கதவுகளுக்கும் ஒரே பலகையை மாட்டிய மாளிகை அது.

ஒரே பொருள் ஒரு பக்கத்தில் எச்4 ஆகவும் மற்றொரு பக்கத்தில் எச்1 ஆகவும் இருப்பது முரண் என்று எண்ண வேண்டா. தமிழ் நூல்களில் இது புதிதன்று. தொல்காப்பியத்தில் அதிகாரம் என்பது நூலின் மிகப்பெரிய பிரிவு. மூன்று அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள். திருக்குறளிலோ அதிகாரம் பத்துக் குறள் கொண்ட சிறு பிரிவு. இயல் அதனினும் பெரிது. சிலப்பதிகாரத்தில் காண்டத்துள் காதை அடங்கும். கம்பராமாயணத்தில் காண்டத்துள் படலம் அடங்கும். சொல்லைக் கொண்டு தரத்தை அறிய முடியாது. அந்நூலில் அது எதனுள் அடங்குகிறது, தன்னுள் எதை அடக்குகிறது என்பதைக் கொண்டே அறிய வேண்டும். எச்1, எச்2 என்பனவும் அந்தந்தப் பக்கத்தை நோக்கியே பொருள் தருவன.

பயன்படுத்துவோர் கருத்தும் இதற்கு இசைவானதே. முன்னர்க் கூறிய வெப்எய்ம் அமைப்பு 2017-இல் இதே கேள்வியைக் கேட்டது. பக்கத்தின் பெயர் மட்டும் முதல்நிலைத் தலைப்பாக இருப்பதே எளிது என்று பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். தேடுபொறிக்காகத் தளத்தின் பெயரை எச்1 ஆக்குகிறோம் என்று காரணம் கூறுவோரும் உண்டு. ஒரு பக்கத்தில் எச்1 எத்தனை இருந்தாலும் தங்களுக்கு இடரில்லை என்று கூகுள் நிறுவனத்தாரே 2019-இல் விளக்கிவிட்டனர். எந்திரத்துக்கு இல்லாத இடர் மனிதர்க்கு உண்டு.

முகப்புப் பக்கம் ஒன்றே இதற்கு விலக்கு. ஒரு சங்கத்தின் முகப்புப் பக்கம் அச்சங்கத்தைப் பற்றியதே ஆதலின், அங்கே சங்கத்தின் பெயர் எச்1 ஆவது பொருந்தும். உட்பக்கங்களில் அதே பெயர் தலைப்புக் குறியின்றி, முகப்புக்குச் செல்லும் இணைப்பாக நிற்கலாம்.

இம்முறையை நாள்தோறும் கடைப்பிடித்துவரும் தமிழ்த் தளம் ஒன்று நம் கண்முன்னே உள்ளது. 2003-இல் தொடங்கப்பெற்று இன்று 1,50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ள தமிழ் விக்கிப்பீடியாவே அது. அதில் விக்கிப்பீடியா என்னும் பெயர் எப்பக்கத்திலும் ஓரத்தில் சின்னத்துடன் நிற்கும். எச்1 ஆவது கட்டுரையின் பெயரே. கட்டுரை எழுதுவோர் உட்டலைப்பு இடும்போது அதன் இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறிகளை இடுகின்றனர். ஒற்றைச் சமக்குறியில் தொடங்காமல் இரண்டில் தொடங்குவது ஏன் என்று புதியவர் வியப்பதுண்டு. ஒன்று என்னும் இடம் கட்டுரைப் பெயருக்கு உரியது. ஆகவே உட்டலைப்பு இரண்டில் தொடங்குகிறது, அதனுள் அடங்குவது மூன்று சமக்குறி பெறுகிறது. உட்டலைப்புக்குத் தடித்த எழுத்தை மட்டும் இட்டு அமைவோரும் உண்டு. விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு அதனைப் போலித் தலைப்பு என்று கூறி விலக்குகிறது. போலித் தலைப்பைக் கண்டுபிடிக்க எளிய வழியும் உண்டு: கட்டுரைக்குத் தானாக அமையும் உள்ளடக்கப் பட்டியலில் அது வாராது. கண்ணுக்கு அப்பட்டியலில் மறைவது எதுவோ, அதுவே காதுக்கும் மறைகிறது.

தோல்வியுற்ற ஒரு முயற்சி

இடையில் அறிஞர்கள் வேறொரு வழியையும் முயன்று பார்த்தனர். 2014-இல் முறைப்படி ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல்.5 என்னும் பதிப்பில், பக்கத்தைப் பகுதி பகுதியாகக் கட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் எச்1-ஐயே இட்டாலும் போதும். எது எதனுள் அடங்குகிறது என்று பார்த்து உலாவியே தரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று ஒரு விதி இருந்தது. விதி அழகானது. ஆயின் எந்த உலாவியும் அக்கணக்கைத் திரைவாசிப்பானுக்கு முழுமையாக எடுத்துரைக்கவில்லை. விதியை நம்பி எழுதியோரின் பக்கங்களில் எல்லாத் தலைப்பும் முதல்நிலைத் தலைப்பாகவே ஒலித்தன. எல்லாம் லெபு, சந்தே இல்லாத நகரம். இறுதியில் 2022-இல் அவ்விதியை நீக்கிவிட்டனர். இன்றும் சில பழைய கையேடுகளில் அவ்விதி அறிவுரையாக இருப்பதைக் காணலாம். அதனைப் பின்பற்றுதல் ஆகாது.

ஒரு பள்ளியின் பக்கம்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி தன் இணையத்தளத்தில் விளையாட்டு விழாச் செய்தியை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். உச்சியில் பள்ளியின் பெயரும் சின்னமும். அதன் கீழ்ப் பள்ளியின் குறிக்கோள் வாசகம். பின்னர் விளையாட்டு விழா என்னும் பெயர். அதன்கீழ் நாளும் இடமும், போட்டிகள், பரிசு பெற்றோர் என்னும் பகுதிகள். போட்டிகளுக்குள் ஓட்டம், நீளம் தாண்டுதல் முதலியன.

விளையாட்டு விழா எச்1. நாளும் இடமும், போட்டிகள், பரிசு பெற்றோர் ஆகியன எச்2. ஓட்டமும் நீளம் தாண்டுதலும் எச்3. பள்ளியின் பெயர் இங்கே இணைப்பு மட்டுமே. குறிக்கோள் வாசகத்திற்கு எத்தலைப்பும் வேண்டா. அது பெயரின் கீழ் இரண்டாவதாக நிற்பதால் எச்2 என்று சிலர் இட்டுவிடுகின்றனர். தலைப்பு என்றால் அதன்கீழ் அதற்குரிய செய்தி இருக்க வேண்டும். குறிக்கோள் வாசகத்தின் கீழ் அதற்குரிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே அது தலைப்பன்று, ஒரு வரி. அதுபோலவே ‘வெற்றி பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள்’ என்னும் வரியைப் பெரிதாகக் காட்ட விரும்பித் தலைப்புக் குறி இடுவதும் தகாது. இடைவெளிக்காக ஒன்றும் எழுதாத வெற்றுத் தலைப்பை இட்டுச் செல்வோரும் உளர். குரல் சில வேளைகளில் ‘தலைப்பு’ என்று சொல்லி ஒன்றும் கூறாமல் நின்றுவிடும்.

இவற்றுக்கு வேறாக ‘டைட்டில்’ என்னும் குறிச்சொல் ஒன்று உள்ளது. அது பக்கத்தினுள் தோன்றாது. உலாவியின் மேற்பட்டையில் தோன்றும். பக்கம் திறந்தவுடன் திரைவாசிப்பான் முதலில் உரைப்பது அதனையே. உலகின் முதல் இணையப் பக்கத்திலேயே இவ்விரண்டும் தனித்தனியே இருந்தன: டைட்டிலில் வையவிரிவு வலைத் திட்டம் என்னும் பொருளுடைய பெயர், எச்1-இல் வையவிரிவு வலை என்பது மட்டும். பள்ளியின் பெயர் இடம்பெற வேண்டிய இடம் டைட்டிலே. அங்கும் முதலில் ‘விளையாட்டு விழா’ என்றும் பின்னர்ப் பள்ளியின் பெயர் என்றும் அமைப்பது நலம். பள்ளியின் நீண்ட பெயர் முன்னே நின்றால், ஒவ்வொரு முறையும் அது முழுவதையும் கேட்ட பின்னரே பக்கத்தின் பெயர் காதில் விழும்.

எழுதுவோர் பலர் நேரே குறிச்சொல்லைக் கையாளுவதில்லை. வேர்ட் செயலியில் எழுதிப் பின்னர் ஏற்றுகின்றனர். அங்கும் விதி இதுவே. எழுத்தைத் தடிப்பாக்குவதற்கு மாறாக, ஹெடிங் 1, ஹெடிங் 2 என்னும் நடைகளைத் தெரிந்தெடுத்தால் தலைப்புக் குறி தானே அமையும்.

தமிழுக்குரிய இடர்கள்

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழ்ப் பக்கங்களுக்கென்று சில இடர்கள் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார் எனினும், நெடுங்காலம் தமிழ் எழுத்துருக்கள் பலவாறாகப் பிரிந்து கிடந்தன. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்கள் அவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. திரைவாசிப்பான் அதனை அவ்வாறே உளறும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டேம், டேப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 1991 முதலே தமிழுக்கு இடம் அளித்த ஒருங்குறியை விண்டோஸ் 2000 ஏற்ற பின்னர்ப் படிப்படியாக இக்குழப்பம் நீங்கியது. எனினும் பழைய தளங்களை அப்படியே விட்டுவைத்திருப்போர் இன்னும் உளர்.

எழுத்துரு சிக்கலாக இருந்த காலத்தில் பலர் தலைப்பைப் படமாக வரைந்து ஒட்டினர். அழகிய வளைவு எழுத்துகளை விரும்பி இன்றும் அவ்வாறு செய்கின்றனர். படத்தைக் குரல் வாசியாது. படத்திற்கு மாற்றுரை எழுதாவிடின் கோப்பின் பெயரை வாசிக்கும். அல்லது ஒன்றும் சொல்லாது. தலைப்பை எழுத்தாகவே இட்டு நல்ல எழுத்துருவால் அழகு செய்வதே முறை. சின்னத்தைப் படமாக இட நேர்ந்தால், அதற்கு மாற்றுரையாக நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டும்.

மற்றொன்று மொழிக் குறிப்பு. பக்கத்தின் தொடக்கத்தில் இது தமிழ்ப் பக்கம் என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். தமிழுக்கு உரிய குறியீடு டி.ஏ. என்னும் ஈரெழுத்து. ஆயத்த வார்ப்புருக்கள் பலவற்றில் ஆங்கிலம் என்றே குறிப்பு இருக்கும். தமிழில் எழுதுவோர் அதனை மாற்ற மறந்துவிடுகின்றனர். அவ்வாறாயின் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைத் தெரிந்தெடுத்து, தமிழ்த் தலைப்புகளைச் சிதைத்து வாசிக்கும். அல்லது எழுத்துகளைத் தாண்டிச் செல்லும். தலைப்பு நிலைகளை எத்தனை ஒழுங்காக அமைத்திருந்தாலும் பயன் இராது. மலேசியத் தமிழ்ப் பக்கங்களில் மலாய்ச் சொற்றொடர்கள் இடையிடையே வருவது இயல்பு. அத்தொடருக்கு மட்டும் மலாய்க் குறிப்பைத் தனியே இடலாம்.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகவலையும் தொழில்நுட்பத்தையும் அடையும் உரிமையைப் பற்றித் தனிப்பிரிவில் கூறுகிறது. அனைத்துலக அளவில் டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும் நெறிமுறைகள் 1999 முதல் வழங்கி வருகின்றன, அவற்றின் 2.2-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வெளிவந்தது. கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றுவது குறியிலும் தலைப்பாக இருக்க வேண்டும் என்பதும், பக்கத்தின் மொழியைக் குறிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் கடைநிலைத் தேவைகளாகவே, அதாவது எல்லாரும் கட்டாயம் நிறைவேற்ற வேண்டியவையாகவே, வைக்கப்பட்டுள்ளன.

தம் பக்கம் எவ்வாறு உள்ளது என்று அறிய விரும்புவோர் என்.வி.டி.ஏ.-ஐத் தம் கணினியில் நிறுவி, பக்கத்தைத் திறந்து, இன்சர்ட் விசையுடன் எப்7 விசையை அழுத்தலாம். தோன்றும் சாளரத்தில் தலைப்புகள் என்பதைத் தெரிந்தெடுத்தால் பக்கத்தின் தலைப்புகள் யாவும் படிப்படியாக அடுக்கப்பட்டு நிற்கும். அப்பட்டியலை மட்டும், பக்கத்தை அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, இப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவர் சொல்லத் தடுமாறும் இடத்தில் தலைப்பு விடுபட்டிருக்கும், அல்லது நிலை பிறழ்ந்திருக்கும். அதன் பின்னர்த் திரையை அணைத்துவிட்டு, சுட்டியைத் தொடாமல், ‘எச்’ விசையை மட்டும் தட்டித் தேர்வு நாளைத் தேடிப் பார்க்கலாம்.